வாசலுக்கு இரண்டு தோட்டா

பந்து வைத்த மவுசை நீங்களும் கழற்றித் துடைத்திருப்பீர்கள். அடிவட்டத்தைத் திருகினால் உள்ளங்கையில் ஒரு சாம்பல் நிற ரப்பர் உருண்டை விழும். பார்க்கச் சின்னது, கையில் கனக்கும். அதைச் சட்டை நுனியில் துடைத்து, உள்ளே உருளைகளில் சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் நரை விழுந்துவிட்டது. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கிறோம். நாற்பதெல்லாம் ஒரு வயதா என்று கேட்பவர்கள் என் முழங்காலிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் வீடு எல்லைக்கு மலையாளப் பக்கத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிரும் தூரத்தில் இருந்தது. வீட்டில் பெரியப்பா, அப்பா, அம்மை, நான். பெரியப்பா வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியம்மை இறந்து வெகுநாளாகியிருந்தது, பிள்ளைகளும் இல்லை. அப்பாவுக்கு எல்லை தாண்டிக் களியக்காவிளையில் வேலை. அதனால் என்னையும் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். ஐந்தாவதாக ஒருவர் அந்த வருஷம் வந்து சேர்ந்தார். ஒற்றசேகரமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்த அத்தையின் மகன், பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்க வந்தவர். எனக்கு அத்தான். என் பெரியப்பா அவருக்குத் தாய்மாமா. அத்தானுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பத்து.

அத்தான் ஒரு துணிப்பையும் ஒரு கம்ப்யூட்டரும் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் அவருடைய அப்பா கல்ஃபிலிருந்து அனுப்பியது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை, காசும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அங்கே வேறு குடும்பமாகிவிட்டது என்று பெரியவர்கள் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். வருகிற வழியில் எங்கேயோ அடிபட்டு அந்தப் பெட்டியின் முன்பக்க மூடி ஒன்று விழுந்துபோயிருந்தது. சிடி போடும் தட்டுக்குக் கீழே ஒரு செவ்வகப் பொந்து. அந்தப் பொந்தை மறந்துவிடாதீர்கள்.

முதல் நாளே பெரியப்பா அவரை நிறுத்திவைத்துச் சொன்னார்: “படிக்கணும்னா இங்க இரு. சோறு உண்டு, கெடக்க எடம் உண்டு. தகப்பனுக்க கொணத்தக் காட்டினா அன்னைக்கே பஸ் ஏறிக்கணும், கேட்டியா?”

“செரி மாமா,” என்றார் அத்தான். அவருக்குப் போக வேறு இடம் இல்லை என்பது பத்து வயதுக்காரியான எனக்கே தெரிந்திருந்தது. ஒற்றசேகரமங்கலத்தில் அத்தை அடுத்தவர் ரப்பர் தோட்டத்தில், மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பெரியப்பாவின் அறைச் சுவரில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி உண்டு. அவருடைய அப்பாவுக்கு மலையடியில் நிலம் இருந்த காலத்தில், மரச்சீனிக் கிழங்கைத் தோண்டித் தின்ன வரும் பன்றியை விரட்ட லைசென்ஸ் எடுத்தது. நிலம் கைமாறிப் போனது, பன்றியும் போனது, துப்பாக்கி மட்டும் மிச்சம். அது வெடித்ததைக் கேட்டவர்கள் வீட்டில் யாருமே இல்லை. ஆனால் மாசம் ஒரு தடவை பெரியப்பா அதை மடியில் போட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். எட்டுத் தோட்டாக்கள். சிவப்பு உடம்பு, பித்தளை அடி. ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவற்றை வரிசையாக நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் முகத்தில் ஒரு பழைய அதிகாரம் வரும். ஆபீசை விட்டபின் அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அத்தானிடமும் ஒரு துப்பாக்கி உண்டு. அது அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

ஓண லீவில் அத்தானுக்குக் கூடப் படிக்கும் கூட்டுக்காரன் ஒருவன் ஒரு சிடி கொடுத்தான். உலகம் எரிந்து முடிந்த பிறகு நடக்கிற விளையாட்டு. எல்லா ஊரும் சாம்பல். ஒரே ஓர் ஆள் மலையடிக் குகையிலிருந்து வெளியே வந்து, இடிந்த ஊர்களுக்கு நடுவே நடந்து, கடலுக்குப் போக வேண்டும். கடலில் ஒரு கப்பல் நிற்கிறதாம். அவ்வளவுதான் கதை. மேலே நின்று பார்ப்பது போலப் படம். ஆட்கள் கட்டெறும்பைவிடக் கொஞ்சம் பெரிசு. நீ ஒரு முறை, எதிரி ஒரு முறை என்று மாறி மாறி நகர வேண்டும். யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனால்தான் என்னையும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரவைத்துக்கொண்டார்.

எனக்கு ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாது. அத்தான் எல்லா ஊருக்கும் எங்கள் பக்கத்து ஊர்களின் பெயரை வைத்தார். குகை ஒற்றசேகரமங்கலம். ரோமம் உதிர்ந்த நாய்கள் திரிகிற இடிந்த தெரு அதியன்னூர். கூரை போன சந்தை நெய்யாற்றின்கரை. கடைசியில் கம்பிவேலி போட்ட ஒரு கோட்டை வாசல், அது காரோடு. காரோடு தாண்டினால் கடல். இரட்டைக் கோடு போட்ட நோட்டு ஒன்றில் வரைபடம் போட்டு, எங்கே என்ன இருக்கிறது என்று குறித்துவைப்பார். அத்தான் படித்ததெல்லாம் மலையாளம். அதனால் நாங்கள் பேசுகிற தமிழை அப்படியே மலையாள எழுத்தில் எழுதுவார்.

துப்பாக்கி கிடைத்தது நெய்யாற்றின்கரையில், இடிந்த பஸ் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு கிடங்கில். பைக்குள் வைத்ததும் திரையில் அதன் படம் பெரிதாக வந்தது. பழுப்புக் கட்டை, இரண்டு குழல், உடைந்த இடத்தில் கம்பி சுற்றியிருந்தது. கீழே இருந்த ஆங்கிலத்தை அத்தான் மெதுவாக வாசித்து எனக்குச் சொன்னார்: “இது பழைய ஒலகத்துத் தோக்காக்கும். இத உண்டாக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இப்ப உயிரோட இல்ல. பக்கத்துல நின்னு சுட்டா என்னவும் விழும். தூரத்துல நின்னா ஒண்ணும் ஆவாது.”

“பெரியப்பாவுக்கத் தோக்கு மாதிரியே இருக்கு அத்தான்.”

“மாமாவுக்கது சுடாதுட்டி. இது சுடும்.”

ஆனால் சத்தம் கேட்காது. பெரியப்பா உள்ளே படுத்திருப்பார் என்று அத்தான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவைத்திருந்தார். துப்பாக்கி சுடும்போது அவரே கன்னத்தை உப்பி, உதட்டுக்குள்ளே அடக்கி, ‘டொப்’ என்பார். அதற்கு அரை நொடி கழித்து நாய் விழும். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். சாயங்காலம் அரைமணி நேரப் பவர்கட்டுக்கு முன்னால் விளையாட்டைச் சேமித்துவைக்க வேண்டும். நேரம் பார்த்துச் சொல்வது என் வேலை. அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு அதைவிடப் பெரிய பதவி கிடைக்கவில்லை. சூடான பெட்டியிலிருந்து ஒரு மணம் வரும், ஈயம் உருகுகிற மாதிரி. வெளியே ஈரமான ரப்பர் இலை மணம். இரண்டும் சேர்ந்ததுதான் எனக்கு அத்தான்.

காரோட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு கிழவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளை மீசை. யாரையும் வெளியே விடமாட்டான். நான் பார்த்ததும் சொன்னேன்: “அத்தான், இது பெரியப்பால்லா!”

அத்தான் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. நோட்டில் அந்தக் கிழவனுக்கு ‘மாமா’ என்று எழுதினார். பெயர் வைத்தது நான்.

மாமாவை வீழ்த்த அந்தத் துப்பாக்கி ஒன்றாலேதான் முடியும். ஆனால் தோட்டா இல்லை. இருந்ததையெல்லாம், வேடிக்கைக்காக அதியன்னூருக்குத் திரும்பிப் போய் நாய்களுக்குச் செலவழித்துவிட்டோம். திரும்பி நடந்து, பழைய ஊர்களையெல்லாம் ஒரு வாரம் தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை. அத்தான் கையைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். கல்ஃபுக்கு அவர் அப்பாவுக்குப் போட்ட கடிதம் ஒன்று அந்த வாரம்தான் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருந்தது. அதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

“ரெண்டே ரெண்டு தோட்டா கெடச்சாப் போரும், மக்கா,” என்றார். “வாசலக் கடந்து கடலப் பாத்திருவேன்.”

அவர் குரல் விளையாட்டுக் குரலாக இல்லை. எனக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் நவராத்திரி. எங்கள் பக்கத்தில் அஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் தொழில் சாதனத்தையும் பூஜைக்கு வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கிற வரை தொடக்கூடாது. எழுதக்கூடாது, வாசிக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு அதைப் போலச் சந்தோஷம் வேறில்லை. பெரியப்பா வருஷந்தோறும் துப்பாக்கியையும் ஒரு பித்தளைத் தட்டில் எட்டுத் தோட்டாக்களையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்பார். அந்த வருஷம் அவரே அத்தானைக் கூப்பிட்டார்.

“எலே, ஒனக்கப் பெட்டியையும் கொண்டு வை. அதும் சாதனந்தானே. அதுல படிச்சுத்தான் நீ மனுஷனாவணும்.”

அவரே பெட்டியின் நெற்றியில் சந்தனம் வைத்தார். தோட்டா ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தார். தங்கை மகனைப் பார்த்து அவர் சிரித்ததை நான் அன்று ஒருநாள்தான் கண்டேன்.

எனக்கு அம்மை சொல்லித் தந்திருந்த ஒரு விஷயம் உண்டு. வராத பாடத்தின் புத்தகத்தைச் சாமிக்கு முன்னால் அடியில் வைத்தால் அந்தப் பாடம் வரும். போன வருஷம் கணக்குப் புத்தகத்தை அடியில் வைத்தேன், கணக்கு வந்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நீங்களும் வைத்திருப்பீர்கள்.

நவமி மத்தியானம் எல்லோரும் பாயசம் குடித்து அயர்ந்து கிடந்தபோது நான் பூஜை அறைக்குள் போனேன். தட்டிலிருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்துப் பாவாடை மடியில் போட்டுக்கொண்டேன். பெட்டியின் அந்தப் பொந்துக்குள் ஒவ்வொன்றாகப் போட்டேன். உள்ளே எங்கேயோ உருண்டு, டக் டக் என்று விழுந்தன. நாளைக் காலையில் சரஸ்வதி அவற்றை உள்ளே கொண்டுபோய் அத்தானின் பையில் சேர்த்துவிடுவாள். அத்தான் திறந்து பார்த்துத் திகைப்பார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் எனக்கு ஆசை.

விஜயதசமி காலையில் பெரியப்பா தட்டைப் பார்த்தார். ஆறு. அதே நேரம் அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வயரெல்லாம் மாட்டிப் பொத்தானை அமுக்கினார். உயிர் வரவில்லை. மீண்டும் அமுக்கினார். விசிறி ஒரு கால் சுற்றுச் சுற்றி நின்றது.

“எனக்கத் தோட்டா ரெண்டு எங்க?” என்று பெரியப்பா வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டு நடந்தார். “பூஜையில வச்ச சாதனமாக்கும்! லைசென்ஸ் தோக்குக்க தோட்டா! போலீஸ் ஸ்டேஷன்ல நான் என்ன சொல்லுவேன்?” அரிசிப்பானை வரை கவிழ்த்துப் பார்த்தார்கள். நான் சொல்லவில்லை. பூஜையில் வைத்ததைத் தொட்ட பயம் ஒரு பக்கம். தோட்டாக்கள் விளையாட்டுக்குள் போய்விட்டன, பெட்டி சரியானதும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம்.

மறுநாள் மத்தியானம் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். கூடத்தில் பெட்டியைச் சாய்த்துவைத்து நான்கு திருகாணியைக் கழற்றி, பக்கத் தகட்டை இழுத்தார். இரண்டு தோட்டாக்களும் சிமெண்டுத் தரையில் உருண்டு பெரியப்பாவின் காலடியில் வந்து நின்றன. காய்ந்த சந்தனம் அப்படியே இருந்தது.

“அய்யோ, இதெந்தா சாரே?” என்று மெக்கானிக் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

பெரியப்பா குனிந்து எடுத்தார். நேராக அத்தானின் அலமாரிக்குப் போய், எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு, அந்த நோட்டோடு வந்தார். வரைபடத்தைப் பார்த்தார். காரோடு, அதியன்னூர், மண்டையோட்டுக் குறிகள், இரட்டைக்குழல் துப்பாக்கியின் படம். கடைசிப் பக்கத்தை ஆபீசில் மனு வாசிக்கிற குரலில் உரக்க வாசித்தார்:

“மாமாவ வாசல்ல வச்சுச் சுடணும். தூரத்துல நின்னு சுட்டாப் பிரயோசனம் இல்ல. பக்கத்துல போணும். ரெண்டு தோட்டா வேணும். அதுக்குப் பொறவு கடல்.”

வாசித்து முடித்ததும் நோட்டைச் சுருட்டி இறுகப் பிடித்துக்கொண்டார். கோபம் என்று அன்று நினைத்தேன். அது பயம். கிழவர் உண்மையிலேயே பயந்துபோனார்.

“மாமா, அது களியாக்கும்,” என்றார் அத்தான். “கம்ப்யூட்டர்ல வெளையாடுக ஒரு களி. அதுல ஒரு கெழவன் உண்டு, அவனுக்காக்கும் மாமான்னு பேரு. தோட்டா உள்ள எப்பிடி வந்துன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது மாமா.”

“காட்டு பாப்போம் அந்தக் களிய.”

எப்படிக் காட்டுவார்? பித்தளை பட்டு உள்ளே எதுவோ கருகியிருந்தது. மெக்கானிக் இனி அது நடக்காது என்று கையை விரித்தார். அத்தான் சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“இவகிட்ட கேளுங்க! இவளுக்கு எல்லாம் தெரியும். மாமான்னு பேரு வச்சதே இவதான். சொல்லுட்டி மக்கா, சொல்லு.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பெரியப்பா குனிந்து கேட்டார், அடிக்கிற குரலில் இல்லை, கெஞ்சுகிற குரலில்: “உள்ளதா பிள்ளே? இவன் சொல்லுகது உள்ளதா? களிதானா? ஒனக்குத் தெரியுமா?”

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி தோட்டாவைப் பற்றி வரும். அது வரைக்கும் எனக்கு விளங்கியது.

“எனக்குத் தெரியாது,” என்றேன்.

அவ்வளவு சத்தம் போட்ட அத்தான் உள்ளே போய்த் துணியை மடிக்கத் தொடங்கினார். சாயங்காலம் மழையில் துணிப்பையோடு அப்பா அவரைப் பஸ் ஏற்றிவிட்டார். செத்த கம்ப்யூட்டரையும் கொடுத்தனுப்பினார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

இரண்டு நாள் கழித்து அம்மை என் பூஜைப் பாவாடையை அலசினாள். மடியில் சந்தனக் கறை இருந்தது, கூடவே தோட்டா அடியின் பித்தளைக் களிம்பு. அம்மை அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பார்சோப் போட்டுக் கசக்கினாள், கறை போகும்வரை. ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு ஒரு மகள் பிறந்த பிறகுதான் புரிந்தது. புரிந்தபோது அம்மை இல்லை.

பெரியப்பா துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவே இல்லை. மத்தியானத்திலும் முன்கதவைத் தாழிட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். தன் தங்கை மகன் தன்னைக் கொல்ல வருவான் என்று காத்திருந்து, நான் காலேஜில் இருந்தபோது இறந்தார். அத்தை வரவில்லை. சொந்த அண்ணன் சாவுக்கு வரவில்லை என்று ஊர் அவளைத்தான் பேசியது.

சில வருஷத்துக்கு முன் அந்த விளையாட்டை இணையத்தில் கண்டுபிடித்து இறக்கினேன். பழைய விளையாட்டு என்று இலவசமாகவே கிடந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு அடியில் அதே கிடங்கு, அதே துப்பாக்கி. முதல் தடவையாக அதன் சத்தத்தைக் கேட்டேன். தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஓர் அற்பச் சத்தம். என்னால் தாங்க முடியவில்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, நானே கன்னத்தை உப்பி ‘டொப்’ என்று சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. பிறகு மேசையில் தலை வைத்து அழுதேன். நான் காரோடு வரை போகவில்லை.

போன துலா மாதம், ஐப்பசியில், அத்தை இறந்தாள். பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக்கு ஒற்றசேகரமங்கலம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் போனேன். பஸ்ஸில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். அத்தான் இப்போது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். படிப்பு அந்த வருஷத்தோடு நின்றது. தலை முழுக்க நரை, விரலிடுக்கெல்லாம் பால் கறை, பக்கத்தில் வந்தாலே ஒட்டுப்பால் வாடை. என்னைக் கண்டதும் சிரித்தார். “வா பிள்ளே, இரி” என்று நாற்காலி எடுத்துப் போட்டு, சாயா கொண்டுவரச் சொன்னார்.

சடங்கு முடிந்து ஆட்கள் போன பிறகு அவரே தொடங்கினார்.

“ஒங்க பெரியப்பா செத்தப்ப அம்மைய நான் விடல்ல, கேட்டியா. அம்மை காலப் புடிச்சுக் கரஞ்சா. விடல்ல. எனக்கப் பெட்டிக்குள்ள தோட்டாவ வச்சுட்டு, எனக்கத் தலையில கள்ளன்னு பட்டம் கெட்டினவனாக்கும் அவன். என்ன வெரட்டணும், அதுக்காக வச்சான். பெட்டியில அவனே சந்தனம் வச்சான் பாத்தியா? அப்பவே உள்ள போட்டிருப்பான். சாவது வரைக்கும் அம்மை நம்பல்ல. ‘எனக்க அண்ணன் அப்பிடிச் செய்யமாட்டான் மக்கா’ன்னு தான் சொல்லிட்டே கெடந்தா.”

சாயா என் கையில் ஆறிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அவர் கட்டி எழுப்பிய ஒரே சுவர் அது. அந்தச் சுவரில் சாய்ந்துதான் அவர் நின்றுகொண்டிருந்தார். அழும் அம்மாவை அண்ணனின் பிணத்தைப் பார்க்க விடாமல் தடுத்ததற்கும் அதுதான் நியாயம். நான் வாயைத் திறந்தால் என்ன விழும் என்று எனக்குத் தெரிந்தது. இது அவருக்காகப் பட்ட இரக்கம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் பத்து வயதில் பட்ட அதே பயம்தான் அது.

அத்தான் என் பக்கமாகக் குனிந்தார். அன்று கூடத்தில் வந்த அந்த வெளிச்சம் மறுபடியும் அவர் முகத்தில் வந்தது.

“நீ அப்ப சின்னப்பிள்ள. பயந்து போயிட்ட. அதுல எனக்கு வெஷமமோ வருத்தமோ ஒண்ணும் இல்ல. இப்பமாவது சொல்லு மக்கா. நீ வீட்டுலதானே இருந்த. அவன் வச்சத நீ கண்டியா?”

“எனக்குத் தெரியாது அத்தான்,” என்றேன்.

அவர் செரி என்று தலையாட்டினார். பஸ் நிறுத்தம் வரை குடை பிடித்துக்கொண்டு கூட வந்தார்.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். தோட்டாக்களை எடுத்தது நான். பொந்துக்குள் போட்டது நான். யாரிடமாவது ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட வேண்டியிருந்தது. அத்தானுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. இதைத் தமிழில் எழுதுகிற தைரியம் எனக்கு அதனால்தான் வந்தது.